ஏலுமா, விருப்பமா? – வீட்டில் பராமரிப்போர் அறிய வேண்டியவை



பெற்றோரைப் பேணுவது எமது சமூகத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய பாடம் அன்று. நாம் இம்முறை எடுத்துக்கொண்டது அதன் மறுபக்கத்தை. பேணுகின்றவரின் உடலுக்கும் உறக்கத்துக்கும் மனத்துக்கும் ஓர் எல்லை உண்டா? உண்டென்றால் அதை வாய் திறந்து சொல்லலாமா? இப்படிக் கேட்பதே சுயநலம் என்று எண்ணுவோர் எம்மிடையே பலர் உள்ளனர். படித்து முடிக்கும்வரை அந்தத் தீர்ப்பை ஒத்திவைக்குமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஊரில் ஒரு வளவுக்குள் மூன்று நான்கு குடும்பங்கள் இருந்தன. ஆச்சி படுக்கையில் விழுந்தால் காலையில் மகள் முகம் கழுவிவிடுவாள். மத்தியானம் மருமகள் கஞ்சி பருக்குவாள். பின்னேரம் பக்கத்து வீட்டு மாமி வந்து கட்டிலோரம் இருந்து ஊர்க்கதை சொல்லுவார். இரவில் பேரன் ஒருவன் அறை வாசலில் பாயைப் போட்டுப் படுப்பான். ஒருவருக்கும் அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. ஏனென்றால் ஒருவரும் அதை முழுதாகச் செய்யவில்லை.

இங்கே ஆர்ச்வேயில் ஒரு மாடிக் குடியிருப்பின் மூன்றாம் தட்டில் அதே ஆச்சி இருக்கிறார். மகனுக்கு இரவு வேலை. மருமகளுக்குப் பகல் வேலை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் அதற்குப் பின் ரியூசனும். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூட எமக்குத் தெரியாது. 1983க்குப் பின் இளைஞராக வந்து இறங்கியவர்களுக்கே இன்று அறுபது வயது தாண்டிவிட்டது. முதியவரை முதியவர் தூக்கி இருத்தும் காலத்துக்கு வந்துவிட்டோம். கடமை ஒரு குறையுமின்றிக் கடல் கடந்து வந்துவிட்டது. அதைப் பங்கிட்ட கைகள் வரவில்லை. ஆகவே நாலு பேர் செய்ததை ஒருவர் செய்கிறார். பெரும்பாலும் அவர் ஒரு பெண்ணாக இருக்கிறார். அவர் செய்வது அன்பினால்தான், அதில் ஐயமில்லை. ஆனால் அன்பு உறக்கத்துக்கு ஈடாகாது.

திருக்குறளில் 48ஆவது அதிகாரம் வலியறிதல். அரசனுக்குச் சொன்னதென்று அதை நாம் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டுக் கடந்துவிட்டோம். மெல்லிய மயிலிறகேயானாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற உவமை அங்கேதான் வருகிறது. அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள் இன்னும் கூர்மையானது. பிறருக்கு உதவுவதையே அது பேசுகிறது. தன்னிடம் உள்ளதை எடைபோட்டுப் பார்க்காமல் செய்கின்ற உதவி, உதவுபவனையே விரைவில் வெறுமையாக்கும் என்பது அதன் கருத்து. உதவியை இழித்துச் சொல்லவில்லை. அதே வள்ளுவர் ஒப்புரவறிதல் என்று தனியதிகாரமே வைத்திருக்கிறார். அளவு பார்த்துச் செய் என்கிறார், அவ்வளவுதான். பராமரிக்கும் வீடுகளில் நாம் காண்பதும் மயிலிறகுப் பாரமே. ஒரு நாளில் ஒரு தேநீர், ஒரு மருந்து, ஒரு உடுப்பு மாற்றல், இரவில் ஒரு கூப்பாடு. தனித்தனியே பார்த்தால் ஒன்றுமே பாரமில்லை.

நாம் கோயிலுக்குப் போகும் ஆர்ச்வே வீதிக்கும் இப்படியொரு கதை உண்டு. ஹைகேற் மலையின் ஏற்றம் குதிரைவண்டிகளுக்குக் கடினமாயிருந்தபடியால் மலைக்கு அடியால் ஒரு குகைவழி தோண்டத் தொடங்கினார்கள். மேலிருந்த மண்ணின் பாரத்தைத் தாங்காமல் அது 1812 ஏப்ரலில் இடிந்து விழுந்தது. பிறகு குகையைக் கைவிட்டு, மலையைத் திறந்தபடியே வெட்டி, 1813இல் இப்போதுள்ள வீதியை அமைத்தனர். மேலே சென்ற ஹோன்சி லேனைத் தாங்க வளைவுப் பாலம் ஒன்று கட்டப்பட்டது. இன்று நிற்கும் பாலம் 1900இல் வந்தது. அந்த வளைவினால்தான் இவ்விடத்துக்கே ஆர்ச்வே என்ற பெயர். மறைத்துத் தாங்கப் பார்த்தது இடிந்தது, திறந்து வெட்டியது இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது.

இந்தச் சோதனை எம்மவர்க்கு மட்டும் வந்ததென்று நினைக்க வேண்டாம். வெள்ளைக்காரர் தாய் தகப்பனைப் பார்ப்பதில்லை என்று எம்மிடையே ஒரு கதை உண்டு. அது உண்மையன்று. அவர்களும் பார்த்தார்கள், களைத்தார்கள், பிறகு அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள். நாம் பேசவில்லை என்பதே வித்தியாசம்.

1954இல் மேரி வெப்ஸ்டர் என்ற கிறிஸ்தவப் பெண் குருவானவர், தமது முப்பத்தோராவது வயதில், வயது சென்ற தாய் தந்தையரைப் பார்ப்பதற்காகப் பணியை விட்டார். மணமாகாத மகள், ஆகவே அவர்தான் பார்க்க வேண்டும் என்பது அக்கால இங்கிலாந்தின் எழுதாத சட்டம். எம்முடைய சட்டமும் அதுவாகவே இருந்தது. 1963இல் அவர் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். தம்மைப் போன்றோரின் நிலையை வீட்டுக்காவலுக்கு ஒப்பிட்டார். நாடெங்குமிருந்து பெண்கள் அவருக்குப் பதில் எழுதினர். அதன் பலனாக 1965இல் மணமாகாத பெண்களுக்கும் அவர்களைச் சார்ந்திருப்போருக்குமான தேசிய சபை அமைந்தது. அவர் 1969இல் காலமானார். அந்தச் சபையின் வழிவந்ததே இன்று கெயாரர்ஸ் யூகே என்ற பெயரில் இயங்கும் அமைப்பு. பெற்றோர் மீது பாசமில்லாதவர் தொடங்கிய இயக்கம் அல்ல அது. பாசத்தினால் எல்லாவற்றையும் விட்டவர் தொடங்கியது.

அடுத்த கதை எம் வீட்டுப் பெண்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1976இல் வேலையை விட்டுவிட்டு நோயாளரைப் பராமரிப்பவர்களுக்கென்று அரசு ஓர் உதவித்தொகை கொண்டுவந்தது. ஆண்களுக்குக் கிடைக்கும், மணமாகாத பெண்களுக்குக் கிடைக்கும், கணவனோடு வாழும் பெண்ணுக்குக் கிடையாது. காரணம் என்ன தெரியுமா? அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள்! இந்த வாக்கியத்தை எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? ஜாக்குலின் ட்ரேக் என்ற மணமான பெண், கடுமையாக நோயுற்ற தாயார் தம்மோடு வந்து சேர்ந்தபோது 1984இல் வேலையை விட்டார். உதவித்தொகை கேட்டார், மறுக்கப்பட்டது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனது. 1986 ஜூன் 24ஆம் திகதி, இப்படி மறுப்பது சமத்துவத்துக்கு மாறானது என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்புக்கு முதல்நாள் அரசாங்கமே விட்டுக்கொடுத்து, மணமான பெண்களுக்கும் கொடுப்பதாக அறிவித்தது. இன்று கெயாரர்ஸ் அலவன்ஸ் என்ற பெயரில் எம்மவர் பலர் பெறுவது அந்தக் கொடுப்பனவுதான்.

பணம் ஒரு பாதி. மற்றப் பாதி 1995இல் வந்த சட்டத்தோடு தொடங்கியது. பராமரிப்பவரின் நிலையையும் கவுன்சில் தனியே மதிப்பிட வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் சட்டமானது. இன்று இங்கிலாந்தில் நடைமுறையில் உள்ளது கெயார் அக்ட் எனப்படும் 2014ஆம் ஆண்டுச் சட்டம். 2015 ஏப்ரலில் இருந்து செயற்படுகிறது. அதன் பத்தாம் பிரிவின்படி, வயது வந்த ஒருவரைப் பராமரிக்கும் எவரும், உதவி தேவைப்படலாம் என்று தோன்றினால், கெயாரர்ஸ் அசெஸ்மென்ற் எனப்படும் மதிப்பீட்டைப் பெற உரிமையுடையவர். இதற்குக் கட்டணம் இல்லை. எத்தனை மணித்தியாலம் பார்க்கிறீர்கள் என்ற குறைந்தபட்ச அளவும் இல்லை.

அந்த மதிப்பீட்டில் கவுன்சில் அதிகாரி சட்டப்படி அறிய வேண்டிய இரண்டு விடயங்கள் உள்ளன. இவருக்கு இதைச் செய்ய இயலுமா, இனியும் இயலுமா என்பது ஒன்று. இவருக்கு இதைச் செய்ய விருப்பமா, இனியும் விருப்பம் இருக்குமா என்பது மற்றது. ஏலுமா, விருப்பமா? எம்மவரின் வீடுகளில் மருமகளிடமோ மகளிடமோ இந்த இரண்டு கேள்விகளையும் யாராவது கேட்டதுண்டா? ஏலுமா என்றாவது எப்போதாவது கேட்போம். விருப்பமா என்று கேட்பதையே ஓர் அவமதிப்பாக எண்ணுகிறோம். ஆயினும் விருப்பமா என்று கேட்கப்படாத ஒருவரின் ஆம் என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு? எம்மைக் கேட்டால், இந்த இரண்டாவது கேள்விக்காகவே அந்தச் சட்டத்தை எம் பிள்ளைகளுக்குப் பாடமாக வைக்கலாம்.

ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இலங்கையில் 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைச் சட்டமும் இந்தியாவில் 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் பிள்ளைகள்மேல் பொறுப்பை வைக்கின்றன. இங்கிலாந்தில் வளர்ந்த பிள்ளைமேல் அப்படியான சட்டக் கடமை இல்லை. நீங்கள் செய்வது நீங்களாக ஏற்றுக்கொண்டது. நீங்களாக ஏற்றுக்கொண்ட ஒன்றுக்கு அளவு சொல்லும் உரிமையும் உங்களுடையதே.

இது எங்கே முதலில் உரசும் என்றால், ஆஸ்பத்திரிக் கட்டிலருகில். விற்றிங்ரன் ஆஸ்பத்திரியில் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிழமைக்குப் பின் வீட்டுக்கு அனுப்பும் பேச்சு வருகிறது. தாதி கேட்கிறார், வீட்டில் பார்க்க ஆள் இருக்கிறதா என்று. மகன் உடனே, "ஓம், என்ர மனுசி வீட்டில நிக்கிறா, பிரச்சினை இல்லை" என்கிறார். அந்த ஒரு வசனத்தில் மூன்று விடயங்கள் முடிந்துவிட்டன. மனைவியின் வேலை, மனைவியின் முதுகு, கவுன்சிலின் உதவி. பிரச்சினை இல்லை என்று குறித்துக்கொண்டு அவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாம் சொன்னதைத்தான் எழுதினார்கள்.

2022ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, வீட்டுக்குச் சென்றபின் பராமரிப்புத் தேவைப்படக்கூடிய நோயாளியை அனுப்பும் திட்டத்தில், அவரையும் அவரைப் பார்க்கப்போகிறவரையும் ஆஸ்பத்திரி முடிந்தளவு விரைவாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பார்க்கப்போகிறவர் என்றால் மகன் அல்ல, அந்த மனுசி. ஆகவே அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இதுதான்: "இரவில் ஒருவரும் இல்லை. காலையில் ஏழு மணிக்குப் பிறகு பத்து மணி மட்டும் ஆள் தேவை. குளிக்க வார்க்க என்னால் தனியே ஏலாது. மற்றதை நாங்கள் பார்க்கிறோம்." செய்யக்கூடியதையும் செய்ய முடியாததையும் சேர்த்துச் சொல்வதால் யாரும் உங்களைத் தாயைக் கைவிட்டவர் என்று எழுதமாட்டார்கள்.

எந்தக் கவுன்சிலைக் கேட்பது என்பதில் எம் பகுதியில் ஒரு சிக்கல் உண்டு. ஆர்ச்வே நிலையமும் விற்றிங்ரன் ஆஸ்பத்திரியும் இஸ்லிங்ரன் பகுதிக்குள் இருக்கின்றன. பாலத்தைத் தாண்டி வீதி மேலே ஏறினால் ஹரிங்கே. ஹைகேற் மலையின் மேற்குப் பக்கம் கம்டன். பத்து நிமிட நடைக்குள் மூன்று கவுன்சில்கள். சட்டம் சொல்வது, பராமரிக்கப்படுபவர் எங்கே வசிக்கிறாரோ அந்தக் கவுன்சிலையே கேட்க வேண்டும் என்பது. நீங்கள் ஹரிங்கேயில் இருந்துகொண்டு இஸ்லிங்ரனில் தனியே இருக்கும் அப்பாவைப் பார்த்து வருகிறீர்கள் என்றால், உங்கள் மதிப்பீட்டுக்கும் இஸ்லிங்ரனையே கேளுங்கள். தவறான கவுன்சிலுக்கு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது வீண்.

மதிப்பீட்டுக்கு வருபவரிடம் எம்மவர் செய்யும் பெரிய பிழை, வந்தவருக்குத் தேநீர் கொடுத்து, வீட்டைத் துடைத்து வைத்து, எல்லாம் பரவாயில்லை என்று சொல்வது. விருந்தாளி அல்லவே அவர்! ஒரு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இரவில் எத்தனை முறை எழும்பினீர்கள், எத்தனை முறை தூக்கினீர்கள், எந்த நாள் வேலைக்குப் பிந்திப் போனீர்கள், எந்த நாள் உங்கள் மருந்தையே போட மறந்தீர்கள். அந்தக் கொப்பியைக் காட்டுங்கள். வாயால் முறையிட வெட்கப்படுபவருக்கும் கொப்பியை நீட்டுவது எளிது. ஆங்கிலம் தடையென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அப்பம்மாவின் நோய் விபரங்களை டொக்டருக்குச் சொல்ல இருத்தாதீர்கள். அதுவும் ஓர் எல்லைதான்; பிள்ளைக்கும் அப்பம்மாவுக்கும் சேர்த்து.

மதிப்பீட்டின் பின் என்ன கிடைக்கலாம்? வீட்டுக்கு ஆள் வந்து சில மணிநேரம் பார்ப்பது, பகல்நேர நிலையம், சில நாட்களுக்கு மாற்றுப் பராமரிப்பு. பராமரிக்கப்படுபவருக்கு வழங்கும் சேவைகளுக்கு அவரின் வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் அறவிடக்கூடும். டிரெக்ற் பேமென்ற் என்ற முறையில் பணமாகவே பெற்று, நீங்களே ஒருவரை வேலைக்கு வைக்கலாம். தமிழ் பேசுகிற, இடியப்பம் அவிக்கத் தெரிந்த ஒருவரை வைக்க இதுவே நல்ல வழி. ஆனால் அதே வீட்டில் வசிக்கும் நெருங்கிய உறவினருக்கு அந்தப் பணத்தில் சம்பளம் கொடுப்பதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. கவுன்சில் தேவையென்று கருதி ஒப்புக்கொண்டால் மட்டுமே முடியும்.

கெயாரர்ஸ் அலவன்ஸ் பற்றி ஓர் எச்சரிக்கை. கிழமைக்குக் குறைந்தது 35 மணித்தியாலம் பார்ப்பவருக்கே அது. பார்க்கப்படுபவர் அற்றெண்டன்ஸ் அலவன்ஸ் போன்ற ஒரு கொடுப்பனவைப் பெற்றுக்கொண்டிருக்க வேண்டும். வேலை செய்து உழைக்கும் பணத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2025 ஏப்ரலில் அது கிழமைக்கு 196 பவுணாக உயர்த்தப்பட்டது. தொகை மாறிக்கொண்டிருப்பதால் ஒவ்வோர் ஏப்ரலிலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பவுண் கூடினாலும் அந்தக் கிழமைக்குரிய முழுத் தொகையும் இல்லாமற்போகும் என்றபடியால், தெரியாமல் வரம்பு தாண்டிப் பின்னர் ஆயிரக்கணக்கில் திருப்பிக் கட்ட நேர்ந்தவர்கள் நாட்டில் பலர். 35 மணித்தியாலம் இல்லாவிட்டாலும், 20 மணித்தியாலம் பார்ப்பவர் கெயாரர்ஸ் கிரெடிற் கேட்டுத் தமது அரச ஓய்வூதியப் பதிவில் இடைவெளி விழாமல் காக்கலாம். பலருக்கு இது தெரியாது. பொதுநிதி பெறக்கூடாது என்ற நிபந்தனையோடு விசா பெற்று வந்த பெற்றோருக்கு இக்கொடுப்பனவுகளைக் கேட்குமுன் அறிந்தவர் ஒருவரிடம் ஆலோசனை பெறுவது அவசியம்.

இனி வீட்டுக்குள் வருவோம். கவுன்சிலிடம் சொல்வதிலும் கடினம் சொந்தத்திடம் சொல்வது.

எமது பேச்சில் மறுப்பதற்கு நல்ல சொற்கள் இருக்கின்றன. மாட்டேன் என்பது மனத்தைச் சொல்கிறது. வேண்டாம் என்பது தேவையைச் சொல்கிறது. ஏலாது என்பது அளவைச் சொல்கிறது. மூன்றும் வேறு வேறு. பெரியவரிடம் மாட்டேன் என்று சொல்ல நாக்கு எழாது, அது நியாயமே. ஆனால் ஏலாது என்ற சொல்லில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. இருந்தும் நாம் பாவிப்பது இந்த மூன்றையும் அல்ல. "பாப்பம்" என்ற நாலாவதை. கேட்பவர் அதை ஓம் என்று எடுத்துக்கொள்வார். சொன்னவர் இல்லை என்ற எண்ணத்தோடு போவார். சனிக்கிழமை வந்ததும் இருவருக்கும் மனஸ்தாபம். எத்தனை குடும்பங்கள் இந்தப் பாப்பத்தினால் ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருக்கின்றன!

ஏலாது என்பதோடு, எது ஏலும் என்பதையும் நேரத்தோடு சேர்த்துச் சொன்னால் அது மறுப்பாகத் தெரியாது. "மாமி, இண்டைக்கு எனக்கு ஏலாது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாறன், மத்தியானம் மட்டும் நிப்பன்." சொன்ன நேரத்துக்குப் போங்கள், சொன்ன நேரத்துக்கு எழும்புங்கள். அண்ணனிடம்: "அண்ணை, ஒவ்வொரு மாதமும் முதல் சனி ஞாயிறு அம்மாவை நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ. அந்த ரெண்டு நாளும் நான் நித்திரை கொள்ள வேணும்." காரணத்தை அலங்கரிக்கத் தேவையில்லை. நித்திரை கொள்வது போதுமான காரணம். கனடாவில் இருந்து தொலைபேசியில் யோசனை மட்டும் சொல்லும் தம்பி தங்கையரும் உண்டு. அவர்களிடம் யோசனைக்குப் பதிலாக, கிழமைக்கு நாலு மணித்தியாலம் ஆள் வைக்கும் செலவைக் கேட்கலாம். அல்லது தினமும் பின்னேரம் ஆறு மணிக்கு வீடியோவில் வந்து அம்மாவோடு அரை மணித்தியாலம் கதைக்கச் சொல்லலாம். அந்த அரை மணித்தியாலம் இங்கே இருப்பவருக்கு ஒரு குளியலும் ஒரு தேநீரும்.

பார்க்கப்படுகின்ற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெளி ஆள் கையால் வேண்டாம், மகள்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பது பாசம் போலத் தோன்றும். முன்பின் அறியாதவர் உடம்பைத் தொட்டுக் கழுவுவதில் கூச்சம் இருப்பதும் இயல்பே. பெண்ணுக்குப் பெண் உதவியாளரே வேண்டும் என்று கேளுங்கள். அது நியாயமான வேண்டுகோள். ஆனால் மகளின் கைகளைத் தவிர வேறு கைகளே கூடாது என்றால், அந்தக் கைகள் ஒருநாள் ஓய்ந்துபோகும்போது உங்களுக்கு எவரும் இருக்கமாட்டார்கள். முதலில் கிழமைக்கு ஒரு காலை மட்டும் இடம் கொடுத்துப் பாருங்கள்.

உடல்நலம் பற்றிச் சுருக்கமாக. ஜீபியின் வரவேற்பு மேசையில், நான் ஒருவரைப் பராமரிக்கிறேன் என்று சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். முதியவர் அல்லது அங்கவீனமானவர் ஒருவரைப் பிரதானமாகப் பார்ப்பவருக்குக் குளிர்காலத் தடிமன் காய்ச்சல் தடுப்பூசி இலவசம். நாற்பதுக்கும் 74க்கும் இடைப்பட்டவர்களுக்கு, ஏற்கெனவே சில நோய்கள் இல்லாதபோது, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடற்பரிசோதனை உண்டு. தெற்காசியருக்கு நீரிழிவு இளவயதிலேயே, அதிகம் பருக்காத உடம்பிலும் வருகிறது என்பதால் அதைத் தவறவிட வேண்டாம். அம்மாவின் அப்பொயின்ற்மென்றுக்கு மூன்று பஸ் மாறிப் போகும் நாம், எம்முடையதை ஒரு தொலைபேசி அழைப்பில் ரத்துச் செய்துவிடுகிறோம். ஆஸ்பத்திரிக்கு மேலே ஏறினால் வாட்டர்லோ பூங்கா இருக்கிறது. 1889இல் சேர் சிட்னி வாட்டர்லோ, வீட்டில் தோட்டம் இல்லாதவர்களுக்கென்றே அதைப் பொதுமக்களுக்குக் கொடுத்தார். எம்மில் பலர் மாடி வீட்டுக்காரர், அதாவது அவர் மனத்தில் வைத்திருந்தவர்கள் நாமே. வாரத்தில் இரண்டு நாள் அரை மணி நேரம் அங்கே, தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு நடக்கலாம்.

வேலை செய்பவர்களுக்கு: 2024 ஏப்ரல் 6 முதல், நீண்டகாலப் பராமரிப்புத் தேவையுள்ளவரைப் பார்ப்பதற்கு ஆண்டுக்கு ஒரு கிழமை விடுப்புக் கேட்கும் உரிமை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு. சம்பளம் இல்லை. அரை நாள் அரை நாளாகவும் எடுக்கலாம். வேலைநேரத்தை மாற்றித் தரும்படி கேட்கும் உரிமையும் அதே நாளிலிருந்து முதல் நாளுக்கு வந்தது. இரண்டு வேலை நேரங்களுக்கு இடையில் பதினொரு மணித்தியால ஓய்வு 1998ஆம் ஆண்டு விதிகளில் பொதுவாக உள்ளது. கடைகளிலும் பெற்றோல் நிலையங்களிலும் இரவு வேலை செய்யும் எம்மவர் அதைக் கேட்பதேயில்லை.

கடைசியாகக் கோயில் மடைப்பள்ளி. திருவிழா நாட்களில் விடியற்காலையில் வந்து இரவுவரை நின்று சமைக்கும் கைகள் வருடாவருடம் அதே ஆறேழு கைகள்தான். அவற்றில் சில, வீட்டில் படுக்கையில் இருப்பவரைப் பார்க்கும் கைகள். அவர்கள் தாமாக நிற்கமாட்டோம் என்று சொல்லப்போவதில்லை. ஆகவே அடுத்த திருவிழாவுக்குப் பெயர் எழுதும்போது, மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு குழு என்று எழுதுவோம். ஆண்களும் தேங்காய் துருவலாம். பெயர் எழுதுபவர் ஒவ்வொருவரிடமும் அந்த இரண்டு கேள்விகளையும் கேட்கட்டும். ஏலாது என்று சொல்பவரிடம் ஏன் என்று கேட்க வேண்டாம்; அடுத்த பெயருக்குப் போகலாம்.

மேலும் அறிய விரும்புவோர் கெயாரர்ஸ் யூகே அமைப்பின் 0808 808 7777 என்ற இலவச இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். கவுன்சிலுக்கான படிவம் நிரப்பத் தெரியாத பெரியவர்கள் உங்கள் அயலில் இருந்தால், ஒரு பின்னேரம் போய் அவர்களோடு இருந்து நிரப்பிக்கொடுங்கள். எந்தப் பின்னேரம், எத்தனை மணி மட்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுப் போங்கள்.